பேராக் தோட்டப்புற வண்டினங்கள்: திருத்தப்பட்ட வகைப்பாடு

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் செய்த வண்டு வகைப்பாட்டை மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புறச் சான்றுகளைக் கொண்டு திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். தம் நூலின் பத்தாம் பதிப்பில் அவர் சாணி தின்னும் வண்டையும் தென்னங்குருத்து தின்னும் வண்டையும் 'ஸ்காரபேயஸ்' என்ற ஒரே பெயரின்கீழ் உட்கார வைத்துவிட்டார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் இப்படியொரு சமபந்தி நடந்ததாகத் தகவல் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பேரினத்தைப் பிரித்துக் கொடுத்தார்களே ஒழிய, குடும்பத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. இன்றும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே லயத்தில் குடியிருக்கின்றன.

இந்த லயத்தில் வீடு கிடைக்க ஒரு தகுதி வேண்டும். உணர்கொம்பின் நுனியில், மோப்பம் பிடிக்கும்போது விரிந்து மற்ற நேரத்தில் மடிந்துகொள்ளும் தகடுகள் இருக்க வேண்டும். அது இல்லாத காரணத்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அழகுக்குத் தனிச் சலுகை கிடையாது.

லின்னேயஸ் கொம்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வண்டை எங்கே சந்திக்கிறோம் என்பதைப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றி, மாட்டுக் கொட்டகை வண்டு, வேர் வண்டு, விளக்கு வண்டு என்று மூன்று பிரிவுகளை இவ்வாய்வாளர் முன்மொழிகிறார்.

மாட்டுக் கொட்டகை வண்டு என்பது சாணி வண்டு. அறிஞர்கள் இதனை உருட்டுபவை, தோண்டிப் புதைப்பவை, சாணிக்குள்ளேயே குடித்தனம் நடத்துபவை என்று பிரிப்பார்கள். புகழ் முழுவதையும் உருட்டுபவை அள்ளிக்கொண்டன. எகிப்தியர்கள் அவற்றைப் பார்த்துத்தான் சூரியனை உருட்டிச் செல்லும் கெப்ரி என்ற கடவுளைக் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் உருட்டு வண்டுகள் இரவில் பால்வீதியின் ஒளியைப் பார்த்து நேர்க்கோட்டில் நடப்பதாக 2013இல் மரீ டாக்கெ குழுவினர் எழுதினார்கள். வானத்தை மறைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வண்டுகளுக்கு அட்டைத் தொப்பி போட்டார்கள். பிறகு ஜொகானஸ்பர்க் கோளரங்கத்துக்கும் கூட்டிப்போனார்கள். இது இவ்வாய்வாளரின் கற்பனை அன்று. அந்த ஆண்டே அவர்களுக்கு உயிரியலுக்கும் வானியலுக்கும் சேர்த்து இக் நோபல் பரிசு கிடைத்தது. போலி ஆய்வு எழுதுகிறவர்களின் பிழைப்பில் மெய் ஆய்வாளர்கள் இப்படித்தான் மண்ணைப் போடுகிறார்கள்.

நம் வட்டாரத்தில் உருட்டுபவை சிறுபான்மை. தோண்டுபவைதான் அதிகம். கறுத்துத் தடித்த கத்தார்சியஸ் மொலோசஸ் சாணிக்கு நேர் கீழே சுரங்கம் தோண்டி, சரக்கை உள்ளே இழுத்து, உருண்டை பிடித்து முட்டையிடும். ஏன் உருட்டுவதில்லை? ஈப்போவில் மாலை நான்கு மணிக்கு மழை இறங்கினால், உருட்டிக்கொண்டு போகிறவன் பாதி வழியில் வெறுங்கையோடு நிற்பான். இக்கருதுகோளை மறுப்பவர்கள் ஒரு மாலை உருட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம்.

லயத்துக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த காலத்தில் இவ்வண்டுக்கு ஒரே போட்டி, வாசல் தெளிக்க விடியுமுன் சாணி தேடி வந்த பெண்கள்தான். இரு தரப்பும் புதுச்சாணியையே விரும்பின. வண்டு இரவிலேயே வந்துவிடுவதால் பல நாள் அதுவே வென்றது. தோட்டம் துண்டாடப்பட்டு, கித்தா என்னும் இரப்பர் சாய்ந்து, சனம் ஈப்போ அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது போட்டியும் முடிந்தது, சாணியும் முடிந்தது. ஏழாம் மாடியில் யாரும் வாசல் தெளிப்பதில்லை. இப்போது இப்பிரிவை முழு மரியாதையோடு காண விரும்புவோர் யானை நடமாடும் பெலும் காட்டுக்குப் போகவேண்டும்.

வேர் வண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அதுவும் வெளியே அதிகம் வருவதில்லை. இதன் வெண்புழு மண்ணுக்குள் இருந்துகொண்டு இளங்கித்தாவின் வேரைத் தின்னும். பேராக்கில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ காலத்தில், 1877இல், கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து மரம் பெருகப் பெருக இதற்கும் சாப்பாடு பெருகியது. மேலே பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்குச் சம்பளமாவது இருந்தது. கீழே இருந்தவருக்குச் சாப்பாடு மட்டும்.

மூன்றாவதான விளக்கு வண்டு இவ்வாய்வின் நாயகன். நூல்கள் காண்டாமிருக வண்டு என்று சொல்வது இதைத்தான். மாலையில் லயத்து விளக்கில் வந்து 'டம்' என்று மோதி, மல்லாக்க விழுந்து, காலில் நூல் கட்டப்படும். கொம்பு நீளமாக இருந்தால் ஆண் என்பதை எந்தப் பையனும் லின்னேயஸைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இதன் புலம்பெயர் வரலாறு நம்முடையதைப் போலவே இரப்பரோடு பின்னியது. 1909இல் இலங்கையிலிருந்து சமோவாவுக்குப் போன இரப்பர் கன்றுகளோடு இதுவும் கப்பலேறியது. கங்காணி இல்லை, முன்பணம் இல்லை, கடன் இல்லை. போன இடத்தில் தென்னையைச் சாய்த்து, பசிபிக் தீவுகள் சிலவற்றுக்குக் குடும்பத்தோடு பரவியது. சமோவாக்காரர்களுக்கு மருந்து கிடைத்தது மலேசியாவில். ஜெர்மானியரான அலாய்ஸ் ஹூகர் 1963இல் இங்கே நோயுற்ற வண்டுப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டது. வண்டைச் சொந்த ஊர் நோய்தான் தேடிப்போய்ப் பிடித்தது. குடியுரிமைப் பத்திரம் எதுவும் அதனிடம் கேட்கப்படவில்லை.

பத்திரத்தோடு வந்த வண்டும் உண்டு. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வேலையை ஆட்களைக் கொண்டு கையால் செய்துவந்த நிலையில், கெமரூனிலிருந்து முறைப்படி வரவழைக்கப்பட்ட ஒரு கூன்வண்டு 1981இல் தோட்டங்களில் விடப்பட்டது. வந்ததும் அத்தனை பேரின் வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது. அது வேறு குடும்பம் என்பதால் இங்கே விவாதத்துக்கு உரியதன்று. பொறாமையால் சொல்லவில்லை.

கித்தா போய்ச் செம்பனை வந்ததில் மனிதர்களில் யார் யார் முன்னேறினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். விளக்கு வண்டு முன்னேறியதில் இல்லை. பழைய மரத்தை எரிக்கக்கூடாது என்ற நடைமுறை 1990களில் பரவியது. சாய்த்த தண்டைத் துண்டு போட்டு அங்கேயே மக்க விடுகிறார்கள். மக்கிய தண்டில்தான் இது முட்டையிடும். புழுவாக இருக்கும்வரை பரம சாது, மக்கியதைத் தின்றுகொண்டு சும்மா கிடக்கும். வண்டானதும் பக்கத்தில் நட்டிருக்கும் இளஞ்செம்பனையின் விரியாத குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கும். பின்னர் மட்டை விரியும்போது ஆப்பு வடிவில் ஓலை வெட்டுப்பட்டிருக்கும். அதாவது, மறுநடவு என்ற பெயரில் தொட்டிலையும் சாப்பாட்டுக் கடையையும் நிர்வாகமே அடுத்தடுத்துக் கட்டிக்கொடுக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கேட்டுப் பல்லாண்டு மனுப் போட்டவர்கள் இந்தச் சலுகையைக் கவனிக்க வேண்டும்.

நிர்வாகமும் சும்மா இல்லை. ஆண் வண்டு விடும் வாசனையை ஆய்வகத்தில் செய்து, பொறியில் தொங்கவிட்டு, கீழே வாளி வைத்திருக்கிறார்கள். ஆணும் வருகிறது, பெண்ணும் வருகிறது, இரண்டும் வாளியில் விழுகின்றன. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வாளியைக் கவிழ்த்து, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று ஏட்டில் குறிக்கிறார். தோட்டத்தின் பழைய குடிகளில் இன்னும் பெரட்டுக் கணக்கு எடுக்கப்படுவது இவற்றுக்கு மட்டும்தான்.