கேளுங்கள், சொல்கிறேன்!

கே: கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா விண்கலம் எதனால் சிதறியது?
*(வெல்டிங் வாசகர், ஓசூர் சிப்காட்)*

முக்கால் கிலோ நுரையால். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டி மேலிருந்த நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. பிப்ரவரி 1, தரையிறங்க இன்னும் 16 நிமிடம். அந்த ஓட்டை வழியாக அனல் புகுந்து விண்கலம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

கே: நுரை இறக்கையை உடைக்குமா? யாரிடம் காது குத்துகிறீர்?
*(பர்கூர் வாசகர்)*

நாசாவிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். அது மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நாலே நிமிடம், சூளகிரியில் டீ குடிக்காமல்! அதே ஆண்டு ஜூலையில் நுரையை இறக்கை விளிம்பு மீது சுட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு முழத்துக்கு ஓட்டை விழுந்தது.

கே: முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா?
*(தரக்கட்டுப்பாட்டு வாசகர், ஓசூர்)*

மறுநாளே படத்தில் பார்த்துவிட்டார்கள். சேதம் எவ்வளவு என்று அறிய, மேலே இருக்கும் விண்கலத்தைப் படமெடுத்துத் தரும்படி பொறியாளர்கள் மூன்று முறை கேட்டார்கள். நிர்வாகம் அக்கறை காட்டவில்லை. ஏன்? முன்பும் நுரை உதிர்ந்தது, போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். 2002 அக்டோபரில்கூட இப்படியொரு துண்டு பிய்ந்தது. உங்கள் பாஷையில் சொன்னால், 'டீவியேஷன் போட்டு அனுப்பு'. முதல் தடவை அதற்கு நாலு கையெழுத்து. பத்தாவது தடவை அதுதான் டிராயிங்! விசாரணைக் குழு நுரையோடு நாசாவின் பழக்கவழக்கத்தையும் சேர்த்தே கூண்டில் ஏற்றியது.

கே: 16 நாள் மேலே என்ன வேலை?
*(கிருஷ்ணகிரி வாசகி)*

சுமார் 80 ஆய்வுகள். சிவப்பு அணி, நீல அணி என்று பிரிந்து 24 மணி நேரமும் ஷிப்ட்! கல்பனா சிவப்பு. ஆய்வுக்குக் கொண்டுபோன நூற்புழுக்கள் சிதைவுகளுக்குள் உயிரோடு கிடைத்தன.

கே: கல்பனா யாருக்குச் சொந்தம், தமிழ்நாட்டுக்கா கர்நாடகத்துக்கா?
*(அத்திப்பள்ளி எல்லை வாசகர்)*

பிறந்தது ஹரியானாவின் கர்னாலில். ஆனால் இந்தப் பக்கம் சுதந்திர தினத்தில் வீரப் பெண்ணுக்கு அவர் பெயரில் விருது. அந்தப் பக்கம் இளம் பெண் விஞ்ஞானிக்கு. காவிரிக்கும் இப்படி ஒத்துப்போனால் தேவலை.

கே: எங்கள் மெஷினில் ஒரு போல்ட் ஆடுகிறது. 'எப்பவும் அப்படித்தான்' என்கிறார் சூப்பர்வைசர்!
*(இரண்டாம் ஷிப்ட் வாசகர்)*

எழுதிக் கொடுங்கள், இன்றைக்கே. கொலம்பியா மேலே இருந்தபோது ராட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளரும் எழுதினார்: 'பாதுகாப்பில்லை என்றால் வாய்விட்டுச் சொல்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறோமே என்று. காரமான மின்னஞ்சல்தான். மேலிடத்துக்கு அனுப்பவில்லை.