எட்டாத கை

"யூகேஜி சேரும் குழந்தைகள் தாங்களாகவே கழிவறைக்குச் சென்று, தாங்களாகவே சுத்தம் செய்துகொள்ளப் பழகியிருக்க வேண்டும். ஆயாம்மாக்கள் உதவ மாட்டார்கள்." நேற்று மாலை பள்ளியின் வாட்ஸப் குழுவில் வந்த அறிவிப்பு. அதன் கீழே பெற்றோர்கள் வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் இரண்டு கட்டைவிரல்கள் எங்கள் அடுக்ககத்தைச் சேர்ந்தவை. அந்த வீடுகளின் சங்கதி எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் பையன் "அம்மாஆஆ, முடிச்சிட்டேன்!" என்று கொடுக்கும் குரல் லிஃப்ட் வரை கேட்கும். ஆனால் குழுவில் கட்டைவிரல்!

நான் கட்டைவிரல் போடவில்லை. குழந்தைகளை இதற்கு எப்படிப் பழக்குவது என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று எளிய வழிகள் இருக்கின்றன, சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் கழிவறை ஹெல்த் ஃபாசெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

கட்டடத்துக்குப் பிரஷர் பம்ப் வைத்ததிலிருந்து எங்கள் வீட்டுக் குழாய்க்கு மதம் பிடித்துவிட்டது. நானே பாதிதான் அழுத்துவேன். என் நான்கரை வயது மகளின் ஒரு கட்டைவிரலுக்கு அந்தக் கைப்பிடி அமுங்குவதில்லை. அதனால் இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறாள். இரண்டு கைகளும் முன்னால் இருந்தால் குழாயின் வாயும் முன்னால்தான் பார்க்கும். கழுவ வேண்டிய இடமோ பின்னால். ஆகவே முதலில் குளிப்பது கதவு. அடுத்து என் ஷேவிங் பிரஷ். அப்புறம் கீசர். இலக்கு தப்புகிறது என்று புரிந்ததும் குழாயைத் திருப்பாமல் தன்னைத் திருப்புகிறாள். அவளோடு குழாயும் திரும்ப, டியூப் இடுப்பைச் சுற்றிக்கொள்கிறது. இன்னொரு சுற்று சுற்றினால் தண்ணீர் மேலே போகிறது. மேலே, ஜன்னல் ஓரத்தில், ஒரு பல்லி நெடுநாளாகக் குடித்தனம் நடத்திவந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் வேகத்தில் பறந்து, வாசலில் துண்டோடு காத்திருந்த என் மாமியாரின் இடது தோளில் விழுந்தது. அவர் பேத்தியை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைத் தேடிப் போனார். பல்லி தானாக விழுந்தால் என்ன பலன் என்று அதில் போட்டிருக்கிறது. பேத்தி அடித்து விழுந்தால் என்ன பலன் என்று இல்லை.

பிளம்பரைக் கூப்பிட்டேன். "ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் குறைச்சு வைங்க சார்" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்கும் காசு வாங்கிக்கொண்டு போனார். குறைத்தால் "தண்ணியே வரலப்பா" என்று உள்ளேயிருந்து புகார். கூட்டினால் கீசர். இப்போது வீட்டில் யார் உள்ளே போனாலும் அவரவருக்கு ஏற்றபடி வால்வைத் திருகி வைக்கும் உத்தியோகம் எனக்கு. மாமியார் மட்டும் அந்தக் குழாயைத் தொடுவதில்லை, அவருக்கு மக்தான். அந்த மக்கை நிறைத்தால் இவளால் தூக்க முடியாது. பாதி எடுத்தால் தொடையோடு நின்றுவிடும்.

பழைய முறையில் இந்த வம்பே கிடையாது. கைக்குழந்தையைப் பாட்டி தன் இரு கால்களுக்கு நடுவே உட்கார வைத்து "உஸ்ஸ்" என்பாள். கொஞ்சம் வளர்ந்தபின் கொல்லைக் குழாயடியில் "குனி!" என்றால் பிள்ளை தரையைத் தொட்டுக் குனியும், சொம்புத் தண்ணீர் சரியான இடத்தில் விழும். அதே தலைமுறையில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அதுதான் வழி. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. காதுக்கே எட்டாத கை பின்பக்கத்துக்கு எப்படி எட்டும்? அன்றைய தலைமையாசிரியர் எட்டாத கையை அடுத்த வருஷம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்று எட்டாத கையைச் சேர்த்துக்கொண்டு, ஃபீஸும் வாங்கிக்கொண்டு, ஏன் எட்டவில்லை என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கு நிபுணர்களே இருந்திருக்கிறார்கள். 1962-இல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1,170 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து, அவசரப்படுத்தாதீர்கள், குழந்தை தயாராகும்வரை பொறுத்திருங்கள் என்று எழுதினார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். 1998-இல் அவரே பெரிய குழந்தைகளுக்கான டயப்பர் விளம்பரத்தில் வந்திருக்கிறார். அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவர் 1974-இல் ஒரு நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று புத்தகமே போட்டார்கள். குழந்தைக்கு நிறையக் குடிக்கக் கொடுத்து, ஒன்றுக்குப் போகும் பொம்மை ஒன்றை வைத்து, அந்தப் பொம்மைக்குக் குழந்தையையே பாடம் எடுக்க வைக்க வேண்டும். காகிதத்தால் துடைக்கும் ஊருக்கு அது போதும். சொம்பு, குழாய், இடது கை எல்லாம் நம் பாடு.

அதிலும் பெண் குழந்தையென்றால் முன்னிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரில் தொற்று வரும் என்கிறார் டாக்டர். நியாயம்தான். மேலும் கீழும் தெரியாமல் சுழலும் குழாய்க்கு முன்னையும் பின்னையும் யார் சொல்வது?

பள்ளிக் கழிவறையையும் பார்த்துவிட்டு வந்தேன். பெரியவர்கள் அளவுக்கு வெஸ்டர்ன். ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும், முக்குவதற்கு ஊன்ற ஒரு மணைகூடக் கிடையாது. குழாய் அவள் தலைக்கு மேலே. அதனால் இவள் காலையிலிருந்து அடக்கி வைத்து, வேனிலிருந்து இறங்கியதும் ஷூவோடு ஓடுகிறாள். அடக்க அடக்க மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவாள். அங்கே யாருமே போகாத இடத்துக்குத்தான் இத்தனை விதிமுறை.

கை கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். சோப்புப் போட்டு, தேய்த்து, அலசித் துடைக்க 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவளிடம் அப்படி நடுவாந்தரமான கணக்குக் கிடையாது. ஒன்று, விரல் நுனியில் ஒரு சொட்டு. இல்லையென்றால் சோப்பு தீரும்வரை நுரை. அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினம், 2008-இலிருந்து கொண்டாடுகிறார்கள். பள்ளியில் சோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குப் போக வேண்டும். போன முறை எல்கேஜிக்கு மாறுவேடம் வேறு. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சோப்பு வேஷம், இவளுக்குக் கிருமி. பச்சை வெல்வெட், தலையில் இரண்டு கொம்பு, கொதிக்கிற வெயில். மேடையேறும் நேரத்தில் அவசரம் வந்தது. ஜிப் முதுகுப் பக்கம். ஆயாம்மா உதவ மாட்டார். வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் வேஷத்தை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, முன்பணத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.