ஆட்டம் நிறுத்தற் படலம்: திருப்புல்லாணி மரபும் கோல்ஃப் விதி 5.7-உம்

திருப்புல்லாணியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இந்த ஆய்வுக்கு அது ஒரு தடையே இல்லை. ஆய்வுப் பொருளை நேரில் பார்த்துவிட்டால் முடிவு கெட்டுப்போகும் என்பது பல முனைவர் பட்டங்களால் நிறுவப்பட்ட உண்மை.

முதல்நூல், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வகுத்த விதிகள். 2019-இல் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கியபோதும் ஆட்ட நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்கினார்கள், அதுவே 5.7. மழை பெய்கிறதே என்று ஆட்டக்காரர் தன்னிச்சையாக நிறுத்தினால் தகுதிநீக்கம். போட்டிக் குழு சொன்னால் நிறுத்தியாக வேண்டும். மின்னல் ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பினால் மட்டும் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். (நேருக்கு நேர் ஆடும் போட்டியில் இருவரும் ஒத்துப்போனால் வேறு கதை, ஒத்துப்போகும் எதிராளிகளை நம் ஆய்வு சந்திக்கவில்லை.)

மழையைக் கெட்ட வானிலைப் பட்டியலில் சேர்க்காத இந்த விவேகம் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எங்கிருந்து வந்ததோ! ராமநாதபுரம் சீமையில் மழை என்றாலே நல்ல மழைதான். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் உள்ளே நடந்துகொண்டிருந்த கிரிக்கெட் தொடர் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போகும். அதற்காக அழும் பையனை வீட்டில் ஒருவரும் தேற்ற மாட்டார்கள்.

இனி ஒலியியல். கோல்ஃப் மைதானங்களில் சங்கு ஊதுவதற்கென்று பரிந்துரைக்கப்பட்ட ஒரு முறை உண்டு. நீளமாக ஒரு முறை ஊதினால் உடனடி நிறுத்தம். ஓங்கிய மட்டையையும் இறக்கிவிட வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை ஊதினால் சாதாரண நிறுத்தம். கையிலிருக்கும் குழியை ஆடி முடித்துவிட்டு வரலாம். சின்னதாக இரண்டு முறை ஊதினால் மீண்டும் ஆடலாம்.

கண்மாய்க்கரைத் தெருவில் முனியசாமி என்று ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் அம்மா "முனி, முனி, முனி" என்று மூன்று தரம் கூப்பிட்டால் அந்த ஓவரை முடித்துவிட்டுப் போகலாம். "முனியசாமீ...!" என்று முழுப்பெயர் ஒரே மூச்சில் இழுபட்டு வந்தால், பந்து வீசுபவன் கையிலேயே நின்றுவிடும். தூறல் விட்டபின் "போ, போ" என்று இரண்டு. எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகவில்லை. எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்ற வினாவை அறிஞர் உலகத்தின் முன் வைக்கிறேன்.

இந்தக் கடற்கரையில் நிறுத்தும் அதிகாரம் வேறு சிலரிடமும் இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் ஏறியதில்லை. அங்கே கருவிதான் நடுவராக இருந்தது. ராமேசுவரம் விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறை. வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. பத்து என்றால் பேராபத்து. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. முனியசாமியின் அம்மா கூப்பிடுவதையே நிறுத்திவிட்டால் அதுவும் பதினொன்றாம் நம்பர்தான்.

தொன்மைச் சான்று இல்லாமல் தமிழில் ஆய்வு நிறைவுறாது. இலங்கைக்குப் போகும் வழியில் ராமன் கடலரசனை வேண்டி மூன்று இரவு தர்ப்பைப் புல்லில் கிடந்தது திருப்புல்லாணியில்தான் என்பது தலபுராணம். ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தர்ப்பசயன ராமர் இன்றும் படுத்தபடிதான் சேவை சாதிக்கிறார். புல்தரையில், குழுவின் அனுமதிக்காகக் காத்திருந்த முதல் வீரர். அனுமதி வராமலே வில்லை எடுத்தது 5.7-இன்படி தகுதிநீக்கமா என்பதை வைணவப் பெரியோரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த விதியில் ஓட்டை ஒன்று உண்டு. நிறுத்து என்கிறது, எங்கே போய் நிற்பது என்று சொல்லவில்லை. 1975-இல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் ஓப்பன் கோல்ஃப் போட்டியில், மழைக்காக ஆட்டம் நின்றிருந்த நேரத்தில் ஆட்டக்காரர் லீ டிரெவினோ குளத்தருகே தன் பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மின்னல் அங்கேதான் இறங்கியது. பிழைத்தார், பிறகு முதுகில் அறுவைச் சிகிச்சை.

நம் கண்மாய்ப் பொட்டலில் உயரமாக நிற்பது பனை ஒன்றே. பையன்கள் நனையாமலிருக்க ஒதுங்குவதும் அதன் அடியில்தான். ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கூப்பிடுவது எத்தனை தரமானாலும் சரி, இடி கேட்டால் மரத்தடியும் வேண்டாம், கரையும் வேண்டாம், நேரே வீட்டுக்குள் வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.