அம்மாவின் விரல், என் கையுறை

ஆத்தூர், கெங்கவல்லி வட்டாரத்தில் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான், எங்களுக்குச் சோறு போட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் லாரி லாரியாக வந்து இறங்கும் கிழங்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கம்மா கத்தியால் தோல் உரிப்பார். கிழங்கில் சயனைடாக மாறும் நச்சு உண்டு. சதையைவிடத் தோலில்தான் அது அதிகம். கிழங்கின் பால் விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டும். ஈரமும் மண்ணும் சேர்ந்து நகச்சுத்தி வரும். பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுநாளும் போவார். அந்தக் கைக்கு ஒரு உறை வேண்டும் என்று மில்லில் யாருக்கும் தோன்றியதில்லை.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி முளைத்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஷிப்டிலேயே வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி கொடுத்தார்கள். நைலான் நூலுக்கு நடுவே கரிநூல் கருப்புக் கோடாக ஓடும். விரல் நுனியில் பாலியூரித்தேன் பூச்சு. "இது உனக்கில்லம்மா, போர்டுக்கு" என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னது முழு உண்மை.

தை மாத வறண்ட குளிரில் நைலான் சேலையை அவிழ்த்தால் படபடவென்று பொறி தெறிக்குமே, அந்த நிலைமின்சாரத்துக்காகத்தான் இத்தனை பாடும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நம் தோலுக்கே சுருக்கென்று தெரியும். போர்டில் இருக்கும் சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடும். அடிபட்டது அப்போதே தெரிந்தாலும் பரவாயில்லை. சோதனையில் தேறிப் போய், வாங்கியவர் கையில் சில மாதம் கழித்துச் செத்துப்போகிற சில்லும் உண்டு. கரிநூல் அந்த மின்னூட்டத்தை மெல்லக் கடத்திவிடும். உறை மட்டும் போதாது. மணிக்கட்டுப் பட்டையின் வயர் தரையிணைப்பில் மாட்டியிருக்க வேண்டும். அந்த வயருக்குள் 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். தவறிப்போய் மின்சாரத்தைத் தொட்டால் நம் உடம்பில் பாயும் மின்னோட்டத்தை அது மட்டுப்படுத்தும். மனுஷிக்காக யாரோ யோசித்து வைத்த அந்தச் சின்னப் பொருள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

கையுறைக்கு இன்னொரு வேலை, வியர்வையும் கைரேகையும் போர்டில் படாமல் காப்பது. நோக்கியா ஆலை 2014-இல் மூடியது. நானும் ஊர் திரும்பினேன். 2020-இல் ரேஷன் கடைக்குக் கைரேகைக் கருவி வந்தது. அம்மா கட்டை விரலை வைத்தார், துடைத்து வைத்தார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். எதுவும் ஏறவில்லை. கிழங்கும் கத்தியும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன. கூடத் தோல் உரித்த இன்னும் பல பெண்களுக்கும் இதே கதை. என் ரேகை முதல் தடவையிலேயே ஏறியது.

இப்போது எங்கள் தெருப் பெண்கள் ஓசூருக்கு டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போகிறார்கள். நல்ல கையுறை கிடைக்கும், போகட்டும். தோல் உரிக்க மில்களுக்கு மெஷின் வந்துவிட்டது. ஆனால் காட்டில் கிழங்கு பிடுங்குவதும் வெட்டுவதும் இன்னும் வெறுங்கையால்தான். அந்த வேலை செய்கிறவர்களுக்குக் கரிநூலெல்லாம் வேண்டாம். சாதாரண ரப்பர் உறை போதும். அதைக் கூலியில் பிடிக்காமல், கிழங்கை வாங்குகிறவர்கள் கொடுக்க வேண்டும்.