பெற்றோர் கவனத்திற்கு

கல்லூரி அனுப்பும் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே இனம், பெற்றோர் இனம். மாணவர்கள் அதைத் தொடுவதில்லை. நடப்பதையெல்லாம் நேரிலேயே பார்க்கிறோமே, படிப்பானேன் என்பது அவர்கள் கட்சி. பேராசிரியர்களுக்கோ அடுத்த சுற்றறிக்கையைத் தயாரிக்கிற வேலை இருக்கிறது. ஆக, ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் அந்த ஒரு பக்கத்தை, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சத்தம் போட்டுப் படித்து, கடைசியில் ‘நன்றி மேடம்’ என்று பதிலும் போடுகிறவர்கள் நாங்கள்தான்.

என் மகள் கொடைக்கானலில் இயற்பியல் படிக்கிறாள். இளங்கலை, இரண்டாம் ஆண்டு. எந்த நிறுவனம் என்று சொல்வதற்கில்லை. இன்னும் ஒரு வருடம் அவள் அங்கே விடுதிச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்கிறது. நாங்கள் இருப்பது மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரத்தில்.

அவளை அங்கே சேர்ப்பதற்கு முதல் எதிர்ப்பு என் மச்சானிடமிருந்து வந்தது. மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும் அவர் காதில் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தெரிவித்தால் மூன்று மாதம் பேச மாட்டார். “பொம்பளப் புள்ளைய மலை மேல கொண்டுபோய் விடப்போறீங்களா? அங்க யாரு மாப்ள போய்ப் படிக்கிறா? எல்லாரும் சுத்திப் பாக்கத்தான் போறாங்க” என்றார்.

நான் சரித்திரத்தை எடுத்து வைத்தேன். மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845-ல் அங்கே பங்களா கட்டியது, 1895-ல் ஏசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கியது, பாதிரிமார்களின் பிள்ளைகளுக்காக 1901-ல் ஏற்பட்ட ஹைகிளர்க் பள்ளி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக இருப்பது, 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அந்த மலையில் வந்து, இன்று அட்டுவம்பட்டியில் இயங்குவது. ஒன்று விடாமல் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறும் என்பதையும் சொன்னேன். மச்சான் எதற்கும் அசையவில்லை. “ஆயிரம் ரூபாய்க்கு அங்க ஸ்வெட்டர்கூட வராது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு எப்படி மனம் மாறினார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் அந்தச் சுற்றறிக்கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுற்றறிக்கையில் எல்லாம் இருக்கும், நமக்கு வேண்டியது மட்டும் இருக்காது. இரண்டு நாள் கருத்தரங்கம், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், மகளிர் தினக் கோலப் போட்டி, பட்டமளிப்பு விழாவுக்கான ஒத்திகை, விளையாட்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரின் பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள பட்டங்கள். என் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பேத்திக்குக் குளிக்க வெந்நீர் கிடைக்கிறதா? நான் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் படித்துக் காட்டுவேன். அம்மா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெந்நியப் பத்தி ஒண்ணும் போடலையா?” என்பார்.

ஒருநாள் பேத்தியே போனில் பதில் சொன்னாள். “அப்பத்தா, இங்க ஏழாயிரம் அடி உயரம். காத்தழுத்தம் கம்மி. தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும்.” இயற்பியல் படிக்க வைத்ததன் முதல் பலன். அம்மா போனை என்னிடம் நீட்டினார். “அங்க தண்ணி முழுசா கொதிக்கிறதுக்குள்ள எறக்கிடறாங்களாம்டா. போய்க் கேட்டுட்டு வா.”

படங்களும் வரும். யாரோ ஒரு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவார். மலைக் காற்றில் ஐந்து முகத்தில் ஒரு முகம் எரிந்தால் அதிசயம். பின்னால் நூறு மாணவிகள் உட்கார்ந்திருப்பார்கள். நூறு பேரும் ஸ்வெட்டர், மப்ளர், சால்வை, பாதிப் பேருக்கு மங்கி குல்லா. பெற்ற பெண்ணை மூக்கை மட்டும் வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது சமவெளிப் பெற்றோருக்குத் தெரியாது. நான் ஒரு மூக்கைக் காட்டுவேன், மனைவி வேறொரு மூக்கைக் காட்டுவாள். மகளைக் கேட்டால், அன்றைக்கு அவள் விழாவுக்கே போகவில்லை என்பாள்.

சேர்ந்த முதல் வருடம் இப்படியே போனது. ஒரு மாலை மச்சான் வந்திருந்தபோது சுற்றறிக்கை வந்தது. ‘பெற்றோர் – ஆசிரியர் சந்திப்பு. பெற்றோர் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ நான் வாசித்து முடித்ததும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க, கொடைக்கானல்லயா?”

“ஆமா மச்சான், காலேஜ் அங்கதான இருக்கு.”

“பெற்றோர்னா தாய்மாமனும் சேத்திதான?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சுற்றறிக்கைகளை என்னைவிடக் கவனமாகப் படிப்பவர் அவர்தான். ‘பாப்பா காலேஜ்ல ஏதாவது விழா இருக்கா?’ என்று வாரம் ஒரு முறை போன் வரும். பிறந்தது முதல் அவள் மதிப்பெண்ணைக் கேட்காத சித்தப்பா, பெரியம்மா எல்லோருக்கும் திடீரென்று அவளுடைய கல்வியில் அக்கறை பிறந்துவிட்டது. அந்த அக்கறை ஏப்ரல் பதினைந்துக்கு மேல் உச்சத்தைத் தொடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பது மே மாதம். கல்லூரிக்கு அப்போது கோடை விடுமுறை. கல்லூரி திறந்து, வகுப்பு நடந்து, பேராசிரியர்கள் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும்போது மழைக்காலம் வந்துவிடும். சீசனும் கல்லூரி நாட்காட்டியும் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் மாறி மாறி வருபவை. எங்கள் சந்திப்பும் ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த நாளில்தான் வந்தது.

மச்சான் அதற்கெல்லாம் அஞ்சவில்லை. வேன் பேசினார். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து அதையும் எடுத்துவிட்டார். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லையே இல்லை என்று நான் சொன்னது வேனுக்குள் ஏறிக்கொண்டிருந்தவர்கள் காதில் விழவில்லை. பெற்றோர் சந்திப்புக்குப் புறப்பட்ட அந்த வண்டியில் பெற்றோர் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் உற்றோர்.

மனைவி மகளுக்காகக் கட்டியிருந்த மூட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரட் பொரியல், பீன்ஸ் உசிலி, பூண்டுத் தொக்கு, விருப்பாச்சி வாழைப்பழம் ஒரு சீப்பு. கேரட்டும் பீன்ஸும் கொடைக்கானல் மலைக் கிராமங்களில் விளைந்து, லாரியில் இறங்கி, எங்கள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வந்தவை. பூண்டு பூம்பாறைப் பக்கம் விளைந்து, வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து எங்கள் சமையலறைக்கு வந்த மலைப்பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய அசல் சரக்கு. வாழைப்பழமும் அதே மலைத்தொடரின் சரிவில் விளைந்ததுதான். எல்லாம் இறங்கி, தாளிப்பு வாங்கி, எவர்சில்வர் தூக்குகளில் மறுபடியும் மலையேறிக்கொண்டிருந்தன. அங்கே கிடைக்காததாக அந்த மூட்டையில் இருந்தது மிளகாய்த்தூள் மட்டும்தான்.

பழனி வழியாகப் போனோம். அடிவாரம் தாண்டி நாலாவது வளைவிலேயே பெரியம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். ஏழாவது வளைவில் எலுமிச்சம்பழம் தோற்றது. பெருமாள்மலை வந்தபோது வேனில் பேசுகிற நிலையில் இருந்தவர் மச்சான் ஒருவர்தான். கோடை ரோடு ஸ்டேஷனில் ஸ்வெட்டரோடு இறங்கி, மலை இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது என்று தெரிந்து வேர்வையில் நனைந்த யாரோ ஒரு சென்னைக்காரரின் கதையை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சிரிப்பதற்கு யாருக்கும் தெம்பில்லை.

சந்திப்பு பிற்பகலில். அதற்குள் ஊர் பார்த்துவிடலாம் என்றார் மச்சான். டிக்கெட் வாங்கிக்கொண்டு கோக்கர்ஸ் வாக் போனோம். வெள்ளை. தூண் பாறைக்குப் போனோம். நானூறு அடி உயரப் பாறை அங்கே நிற்பதாகப் பலகை சொன்னது. பலகைக்குப் பின்னால் வெள்ளை. பசுமைப் பள்ளத்தாக்கில் பசுமையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பனிமூட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, “எல்லா எடமும் ஒண்ணுபோலத்தான் மாப்ள இருக்கு” என்றார் மச்சான். குறிஞ்சி ஆண்டவர் கோயில் மட்டும் ஏமாற்றவில்லை. அங்கிருந்து வானம் தெளிவாக இருந்தால் பழனி மலை தெரியும் என்றார்கள். மனைவிக்கு வானத்தைப் பற்றிக் கவலையில்லை. கண்ணை மூடிக்கொண்டு செமஸ்டருக்கு வேண்டிக்கொண்டாள்.

மகள் அந்த வாரம்தான் சூரிய ஆய்வகத்துக்குப் போய்வந்திருந்தாள். சுற்றறிக்கையில் ‘களப்பயணம்’ என்று போட்டிருந்தது அதுதான். “இந்த ஊர்ல எங்க பாப்பா சூரியன்?” என்று சுற்றிலும் பார்த்தார் மச்சான். அவள் பொறுமையாக விளக்கினாள்: மேகம் விலகும் நாட்களில் இங்கே கிடைக்கும் தெளிவு கீழே கிடைக்காது, 1899-ல் ஆய்வகம் அமைந்ததே அதனால்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான், நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மச்சான் வியந்துபோனார். “அப்ப நமக்கு ஒரு படத்தக் காட்டச் சொல்லேன். காலைலேர்ந்து பாக்கவே இல்ல.”

பெற்றோர் சந்திப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது. பேராசிரியை நல்லவர். வருகைப் பதிவைக் காட்டினார், உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைக் காட்டினார், “நல்லாப் படிக்கிறா, கொஞ்சம் பேசவும் செய்யணும்” என்றார். வீட்டில் வாய் மூடாத பெண்ணைப் பற்றி இப்படிக் கேட்டதில் எங்களுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றார். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த விழுப்புரத்துக்காரர் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, போட்டிங் எத்தனை மணி வரைக்கும் என்பதில் முடித்திருந்தார். நான் அம்மா சொல்லி அனுப்பியதைக் கேட்டேன். வெந்நீர் காலை ஆறு மணி வரைக்கும் வருமாம். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்; ஆறு மணியை அவள் அந்த மலையில் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது புரிந்தது.

மனைவிக்கு இரண்டு நாள் விடுதியிலேயே தங்கி, பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வர ஆசை. அதற்கு விதி இடம் தராது என்று சொல்லி அழைத்து வந்தேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. 1901-ல் தன் மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த மார்கரெட் எடி என்ற அம்மையார்தான் ஹைகிளர்க் பள்ளிக்கு முதல் முதல்வரானார். பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு தாயை அந்த மலை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தால், மனைவி வேனில் ஏறியிருக்க மாட்டாள்.

திரும்பும்போது மச்சான் சோர்ந்திருப்பார் என்று நினைத்தேன். காசு கொடுத்துப் பனிமூட்டம் பார்த்தவர் அல்லவா? அவரோ இன்னும் தீவிரமாகிவிட்டார். பார்க்க வேண்டியது ஒன்றையும் பார்க்கவில்லை, ஆகவே மறுபடியும் வர வேண்டும் என்பது அவர் வாதம். பெண் படிக்க வேண்டும் என்று பள்ளித் தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்தார், அரசாங்கம் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பார்த்தது, நான் 1845-லிருந்து சரித்திரம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கடைசியாக வென்றது மூடுபனி. இனிமேல் பெண்கள் கல்லூரி கட்டுகிறவர்கள், ஓர் அருவியோ ஏரியோ பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக் கட்டினால், பாதித் தாய்மாமன்கள் தானாகவே வழிக்கு வந்துவிடுவார்கள்.

பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர் பேச்சுவாக்கில் குறிஞ்சியைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மலையே நீலமாகும், போன தடவை 2018, அடுத்தது 2030. மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினார்.

“பாப்பாவுக்கு 2027-ல முடியுது. மேல ரெண்டு வருசம் படிச்சா 2029. ஒரு வருசம் இடிக்குதே மாப்ள. அதுக்கு மேல படிப்பு இல்லையா?”

“பிஎச்.டி. இருக்கு. மூணு நாலு வருசம் ஆகும்.”

“சரியாப் போச்சு. படிக்கட்டும்.”

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கல்யாணம் பண்ண வேணாமாண்ணே?”

“அதுக்கென்ன இப்ப அவசரம்? மாப்பிள்ளை வருசா வருசம் கெடைப்பான்” என்று மச்சான் டீக்குக் காசை எடுத்தார். “பூ அப்படியா?”