54 மைல் பாடு

அறப்பணிக்கு நிதி திரட்டும் நெடுந்தொலைவுச் சைக்கிள் பயணம் என்பது, ஒருவர் தம் சொந்தச் செலவில் உடம்பை வருத்திக்கொள்ள, அந்த வருத்தத்தை முன்னிட்டு இன்னொருவர் பணம் கொடுக்க, அந்தப் பணம் இருவருக்கும் அறிமுகமில்லாத மூன்றாமவருக்குப் போய்ச் சேரும் ஏற்பாடாகும். மிதிப்பவருக்கு இதில் ஒரு காசும் கிடைப்பதில்லை. நுழைவுக் கட்டணம் என்ற பெயரில் அவரே கொஞ்சம் கட்டவும் வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு கருவி வாங்கவேண்டுமென்றால் கொடுப்பவர்கள் நேராகவே கொடுத்துவிட்டுப் போகலாமே, இடையில் ஒரு கணக்கர் விடியற்காலையில் எழுந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் எதற்காக மிதிக்கவேண்டும் என்ற கேள்வி மிக நியாயமானது. நியாயமான கேள்விகளுக்கு வழக்கமாக நேர்வதுபோல் இதற்கும் யாரும் விடை சொல்வதில்லை. விடையைத் தேடுவோர் மிதிப்பவரின் காலை விட்டுவிட்டுக் கொடுப்பவரின் மனத்தை ஆராயவேண்டும் என்பதை, லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பயணத்தைக் கொண்டு காட்டலாம்.

இப்பயணம் தென் லண்டனில் கிளாப்பம் காமன் என்னும் பொதுத் திடலில் தொடங்கி, சர்ரே, சசெக்ஸ் பகுதிகளின் கிராமச் சாலைகள் வழியாக 54 மைல், அதாவது சுமார் 87 கிலோமீட்டர் சென்று, பிரைட்டன் நகரின் மடீரா டிரைவ் என்னும் கடற்கரைச் சாலையில் முடிகிறது. 1976இல் ஒரே பேருந்தில் அடங்கிவிடக்கூடிய சிலரோடு தொடங்கிய இது, 1980 முதல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்னும் இதய நோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சியாகி, இன்று ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் பல்லாயிரம் பேரைச் சாலைக்கு இழுத்துவருகிறது. அந்த ஞாயிறு பெரும்பாலும் தந்தையர் தினமாகவும் அமைந்துவிடுவதால், ஆண்டுக்கு ஒருமுறை வீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் உரிமை பெற்ற அப்பாக்களில் கணிசமானோர் அதே நாளில் ஏதோ ஒரு மேட்டில் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கின்றனர். இதய நலத்துக்காக நடக்கும் நிகழ்ச்சியில் இதயம் தொண்டைவரை வந்துவிட்டுப் போகும் இடம் ஒன்று உண்டு என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

இத்தடத்தின் வரலாறு அறக்கட்டளையைவிடப் பழையது. 1869 பிப்ரவரியில், டன்லப்பின் காற்றடைத்த டயர் வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பு, மரச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை அறைந்த, எலும்பை உலுக்கியெடுக்கும் தன்மையையே பட்டப்பெயராகப் பெற்றிருந்த வண்டியில், ஜான் மேயால் என்பவர் லண்டனிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பிரைட்டனை அடைந்தார். உடன் கிளம்பிய ரௌலி டர்னர், சார்லஸ் ஸ்பென்சர் ஆகிய இருவரும் வழியில் பின்தங்கிவிட்டனர். மேயால் பட்ட பாட்டுக்கு இன்றைய முறையில் நன்கொடை வசூலித்திருந்தால் ஒரு மருத்துவமனையே கட்டியிருக்கலாம். அவருக்குப் பின் வந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலப் பொறியியல், காற்றடைத்த டயர், கியர், எடை குறைந்த உலோகம், திண்டு வைத்த காற்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சைக்கிளிலிருந்து துன்பத்தைப் படிப்படியாக நீக்கிவந்திருக்கிறது. நன்கொடையாளர்களோ துன்பத்துக்குத்தான் பணம் தருகிறார்கள். நிகழ்ச்சியின் சிக்கல் அனைத்தும் இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கிறது.

பயிற்சி பெரும்பாலும் 12 வார அட்டவணை ஒன்றை அச்சடித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவதிலிருந்து தொடங்குகிறது. வாரத்துக்கு வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும் என்பதும், மிதிக்கும்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம் ஓய்வின்போதே சீராகி வலுப்பெறுவதால் இடையிடையே ஓய்வு நாள் கட்டாயம் வேண்டும் என்பதும் அந்த அட்டவணையின் இரு கோட்பாடுகள். இவற்றுள் இரண்டாவது கோட்பாட்டை ஓட்டுநர்கள் அணுவளவும் பிசகாமல் கடைப்பிடிக்கின்றனர்; மழை பெய்த நாளையும் உறவினர் வந்த நாளையும் அதே கணக்கில் சேர்த்து, தசைகளுக்குக் கேட்டதற்கு மேலாகவே ஓய்வு கொடுக்கின்றனர். முதல் கோட்பாடு ஏழாம் வாரத்தில் நினைவுக்கு வருகிறது.

அதற்குள் உடை வாங்கும் படலம் முடிந்துவிடும். ஓட்டுநரின் உடையைப் பற்றி ஊரார் சிரிப்பதற்குக் காரணமான லைக்ரா என்னும் நீள்இழை, 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. பெண்களின் இடுப்புக் கச்சைக்கு ரப்பரைவிட நல்லதொரு பொருள் தேடியபோது கிடைத்தது. வயிற்றை இழுத்துப் பிடிப்பதற்கென்றே பிறந்த துணி, நடுவயது ஆண்களிடம் வந்து சேர்ந்த பிறகு அந்தக் கடமையை ஏனோ கைவிட்டுவிட்டது. இக்காற்சட்டையின் இருக்கைப் பகுதியில் தைத்திருக்கும் திண்டு, உடலோடு ஒட்டி உராய்வைத் தடுக்கவேண்டியதாகையால், உள்ளே உள்ளாடை அணியாமல் அணிவதே முறை. இந்தச் செய்தியைப் பெட்டியின் மேல் அச்சிடாமல் விட்டுவிடுவதால் முதல் நீண்ட பயிற்சியின் மறுநாள் பலர் அலுவலகக் கூட்டங்களில் நின்றுகொண்டே பேசும் வழக்கத்தை மேற்கொள்கின்றனர்.

பஞ்சர் ஒட்டும் கலை தனியே சொல்லத்தக்கது. வழியில் டியூபை மாற்றத் தெரிந்திருக்கவேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் கூறுவதால், ஓட்டுநர் சமையலறையில் செய்தித்தாளைப் பரப்பிச் சக்கரத்தைக் கிடத்தி, பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்றை டயரின் விளிம்புக்கும் சக்கர வளையத்துக்கும் இடையே செருகி நெம்ப, ஒரு பக்கம் வெளியே வரும் விளிம்பு மறுபக்கம் உள்ளே போய்விடுகிறது. ஒருவழியாகப் பழைய டியூபை உருவி, புதியதைச் சிறிது காற்றூதி உள்ளே வைத்து, கடைசி ஒரு சாண் நீள விளிம்பைக் கையால் தள்ள முடியாமல் நெம்புகோலையே மீண்டும் எடுக்கும்போது, அது புத்தம்புது டியூபைக் கிள்ளி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகளைப் போட்டுவிடுகிறது. கடைசிச் சாணைக் கட்டைவிரல்களால்தான் தள்ளவேண்டும், அதற்கு எதிர்ப்பக்க விளிம்பைச் சக்கர வளையத்தின் நடுப்பள்ளத்தில் அழுத்தி இடம் பண்ணிக்கொள்ளவேண்டும் என்ற உண்மை மூன்றாவது டியூபில் தெரியவருகிறது. செயின் மசி வலது கெண்டைக்காலில் பதிக்கும் பற்சக்கர முத்திரை அதன் பிறகு எந்தச் சோப்புக்கும் முழுமையாகப் போவதில்லை.

கால்களுக்கான பயிற்சி இவ்வளவே. நாக்குக்கான பயிற்சி, அதாவது பணம் கேட்கும் பயிற்சி, இதனினும் கடினமானது. அதற்கு அட்டவணை எதுவும் அச்சிடப்படவில்லை. உளவியலாளர் கிறிஸ்டஃபர் ஒலிவோலாவும் எல்டர் ஷஃபீரும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே நற்பணிக்கு வனபோசன விருந்து மூலம் நிதி திரட்டுவதைவிட, களைக்கக் களைக்க ஓடி நிதி திரட்டுவதற்கே மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருவதைக் கண்டு, அதற்குத் தியாகி விளைவு என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினர். நோவும் முயற்சியும் கொடைக்கு ஒரு பொருளைத் தருகின்றன என்பது அவர்கள் கருத்து. ஆகவே ஓட்டுநர் எழுதும் வேண்டுகோள் கடிதத்தில் துன்பம் சரியான அளவில் கலந்திருக்கவேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு சுற்று' என்று எழுதினால் இரண்டு பவுண்டுக்கு மேல் பெயராது. 'உயிரோடு திரும்பினால்' என்று எழுதினால் மனைவியின் தாயார் தொலைபேசியில் அழைத்துவிடுவார். வழியில் ஒரு மலை இருப்பது இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. அது 248 மீட்டர் உயரமே உள்ளது என்பதைக் கடிதத்தில் சேர்ப்பதும் சேர்க்காததும் எழுதுபவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது, பெரும்பாலோர் சேர்ப்பதில்லை.

கொடுப்போர் ஒருவர் தொகையை மற்றவர் பார்க்கும்படி பட்டியல் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு லண்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களின் நன்கொடைப் பட்டியல்களைச் சாரா ஸ்மித் முதலிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, முன்னால் வந்த தொகைகள் பெரிதாக இருந்தால் பின்னால் வருவோரும் கூட்டியே கொடுக்கின்றனர் என்று தெரிந்தது. ஆகையால் தாராளமான சித்தப்பா ஒருவரை முதலில் பிடிப்பதும், கைச்செட்டு நண்பரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுவதும் விவரமறிந்த ஓட்டுநரின் இலக்கணம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இந்த அறிவியல் ஆய்விதழ்களின் துணையின்றியே ஒரு காலத்தில் நடந்துவந்தது: ஊர்த் திடலில் ஒருவர் இரவுபகலாகச் சில நாள் சைக்கிளைவிட்டு இறங்காமல் வட்டமடித்து, அதன்மேலேயே குளித்து உண்டு, வேடிக்கை காட்ட, பார்த்தவர்கள் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டுப் போவார்கள், குத்தியவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் உடனுக்குடன் ஒலிக்கும், அடுத்தவர் கை தானாகப் பையில் நுழையும். இங்கிலாந்துக்காரர் செய்த மாற்றம் குண்டூசியை நீக்கியதும், பணத்தை இதய ஆராய்ச்சிக்கு அனுப்பியதும்தான். அலுவலகத்தில் ஓட்டுநர் எதிரே வருவதைக் கண்டவர்கள் லிஃப்டைக் கைவிட்டு மாடிப்படியில் விரைந்து ஏறத் தொடங்குவது, அறக்கட்டளை தன் கணக்கில் காட்டிக்கொள்ளாத இதய நலத் தொண்டாகும்.

பயண நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதல் சில மைல்கள் கூட்ட நெரிசலில் நடையைவிடச் சற்றே வேகமாகக் கழிகின்றன. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்த சர்க்கரையாகிய கிளைக்கோஜன், விடாமல் அழுத்தி மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே வற்றத் தொடங்குமென்பதால் பசிக்கும் முன்பே உண்ணவேண்டும் என்ற அறிவுரையை, வழிநெடுகக் கிராமத்தார் போட்டிருக்கும் தேநீர், கேக் கடைகள் மிக எளிதாக்கிவிடுகின்றன. ஓட்டுநர் எங்கும் பசிக்க விடாததால், எரித்ததைவிடத் தின்றது கூடுதலாகிப் போவதும் உண்டு.

கிழக்கு சசெக்ஸின் மிக உயர்ந்த இடமாகிய டிட்ச்லிங் பீக்கன், பயணத்தின் பெரும்பகுதி முடிந்து, கடல் அருகில்தான் என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் எதிர்ப்படுகிறது. இச்சுண்ணாம்புக் குன்றின் மேல் போகும் குறுகிய சாலை, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறத்தாழ 140 மீட்டர் உயர்கிறது; அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறியிருக்கவேண்டும். இருபுறமும் மரங்கள் மறைத்திருப்பதால் ஒவ்வொரு வளைவும் கடைசி வளைவாகத் தோற்றமளித்து ஏமாற்றுகிறது. கடைசிக் கியருக்குப் பின்னும் ஒரு கியர் இருக்குமென்ற நம்பிக்கையில் விரல்கள் கியர் நெம்புகோலைத் தட்டித் தட்டிப் பார்க்கும். பிறகு ஒருவர் இறங்குவார். அவர் இறங்குவதற்காகவே காத்திருந்ததுபோல் பின்னால் நாற்பது பேர் இறங்குவார்கள். பெடலோடு பூட்டிக்கொள்வதற்கென்று அடியில் கட்டை பதித்த காலணிகள் தார்ச்சாலையில் டக்டக்கென்று ஒலிக்க, லைக்ரா அணிந்த ஊர்வலம் ஒன்று விலை உயர்ந்த சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இடது ஓரமாக மேலேறும். வலப்பக்கம், கூடை வைத்த பழைய சைக்கிளில் ஒரு பாட்டி, யாரையும் ஏறிட்டுப் பாராமல், மிதித்தே கடந்துபோவதும் உண்டு. உச்சியில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். அங்கிருந்து பிரைட்டன்வரை பெரும்பாலும் இறக்கமே.

கடற்கரையில் பதக்கம் வாங்கிய பிறகுதான் திரும்பும் வழி நினைவுக்கு வருகிறது. பல்லாயிரம் சைக்கிள்களை ரயில் பெட்டிகள் தாங்கா என்பதால், அன்று பிரைட்டனிலிருந்து புறப்படும் ரயில்களில் மடக்கக்கூடிய சைக்கிளைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. ஆகவே முன்பதிவு செய்த ஓட்டுநர் பேருந்திலும் அவருடைய சைக்கிள் லாரியிலுமாகத் தனித்தனியே லண்டன் சேர்கின்றனர். முன்பதிவை மறந்தவர் மேயாலைவிட ஒரு படி மேலே போய் வந்த வழியே மிதிக்கிறார்.

மறுநாள் தொடங்குவது வசூல். 'முடித்துக் காட்டு, தருகிறேன்' என்று சொல்லியிருந்தவர்கள் இப்போது தணிக்கையாளர்களாக மாறி, பீக்கனை மிதித்து ஏறினாயா, உருட்டிக்கொண்டு ஏறினாயா என்று விசாரிக்கின்றனர். தாம் வாங்கிய துன்பம் எடை குறையாமல் வந்துசேர்ந்ததா என்று பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. இவர்களிடையே பிரிட்டிஷ் வரித்துறை தனித்து நிற்கிறது. கிஃப்ட் எய்டு என்னும் ஏற்பாட்டின்படி, வருமான வரி கட்டுபவர் ஒருவர் அறக்கட்டளைக்குத் தரும் ஒவ்வொரு பவுண்டோடும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதைக் கொடுக்கும்போது வரித்துறை கேட்பது கொடுத்தவரின் பெயர், முகவரி, தொகை, தேதி ஆகியவற்றைத்தான். உருட்டினாரா, மிதித்தாரா என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.