ஆடிப்பெருக்கில் பெருகிய டேங்க்

கால்கூர்லி,
மேற்கு ஆஸ்திரேலியா.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில் “வண்டிக்குப் பெரிய டேங்க் மாட்டிட்டேன்” என்று நான் சொன்னதும், “ஏன்டா, ரோட்டுல பங்க்கே இல்லாத ஊருக்கா போய்ச் சேர்ந்த?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது, மோட்டார் நின்றுவிட்டது என்று போனை வைத்துவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம் சித்தப்பா, பங்க்கே இல்லாத ஊர்தான். துவரங்குறிச்சியில் ஏறி விராலிமலை வழியாகத் திருச்சிக்குப் போகிற நான்குவழிச் சாலையில் டீசல் தீர்ந்து நிற்பதற்குத் தனித் திறமை வேண்டும். தீர்ந்தாலும், உருட்டிக்கொண்டு போனால் பங்க் வாசலிலோ டீக்கடை வாசலிலோதான் நிற்போம். இங்கே கால்கூர்லியிலிருந்து வடக்கே 360 கி.மீ. போனால் லாவர்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே நிரப்பிக்கொண்டு கிளம்பினால், அடுத்து ஊர் என்று சொல்லத்தக்க வார்பர்ட்டனுக்கு 560 கி.மீ. பெரும்பாலும் செம்மண் ரோடு. சென்னையில் டீசல் போட்டவன் கோவில்பட்டியில்தான் அடுத்த ஊரைப் பார்ப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிரு கடைகள் உண்டு. அவை திறந்திருக்கின்றனவா என்று கிளம்புமுன் போன் போட்டுக் கேட்க வேண்டும். உட்பகுதிக் குடியிருப்புகள் சிலவற்றில் டீசல் பம்பையே கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பம்பைக் கூண்டில் அடைத்துவிட்டு ஒட்டகத்தை வெளியே திரியவிட்ட தேசம் இது.

இந்த நாட்டு ஆட்களுக்கு பிக்கப் வண்டி மேல் இருக்கிற பிரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் பிக்கப் என்பதை இவர்கள் ‘யூட்’ என்கிறார்கள். அதுவும் ஒரு கடிதத்தில் பிறந்ததாம். 1932-இல் விக்டோரியா மாநிலத்து கிப்ஸ்லாந்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு எழுதிப்போட்டாராம். காரும் லாரியும் தனித்தனியாக வாங்க வசதியில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நனையாமல் போகவும் திங்கட்கிழமை சந்தைக்குப் பன்றி ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. ஜீலாங் தொழிற்சாலையில் லூ பேண்ட் என்ற இளைஞர் அதற்கு வரைபடம் போட்டார். 1934-இல் வண்டி வெளியே வந்தது. சித்தி இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். “நானும் முப்பது வருசமா கிணத்துக்கு கம்பிவேலி போடச் சொல்றேன், எந்தக் கம்பெனி கேட்டுச்சு?”

என்னுடைய வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2022-இல் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. விலையைக் கேட்டால் நம் தெருவில் பாதியை எழுதிக் கேட்பார்கள். கம்பெனி கொடுக்கிற டேங்க் 80 லிட்டர். ரோட்டில் அளவாக ஓட்டினால் எழுநூறு, எண்ணூறு கி.மீ. தாராளமாகப் போகும். யாருக்கும் போதும். ஆனால் ‘போதும்’ என்ற சொல்லை இந்த ஊர் பிக்கப் பிரியர்கள் அகராதியில் நான் பார்க்கவில்லை. முன்னால் கங்காரு மோதினால் தாங்க இரும்புக் கொம்பு, கூரையில் கூடாரம், பின்னால் குளிர்பெட்டி, அந்தக் குளிர்பெட்டிக்கு ஒரு தனி பேட்டரி, அந்த பேட்டரிக்கு ஒரு சோலார் தகடு. இதையெல்லாம் ஏற்றியதும் வண்டி கூடுதலாக டீசல் குடிக்கும். கூடுதலாகக் குடிப்பதால் பெரிய டேங்க் வேண்டும். பெரிய டேங்க்கில் ஏற்றுகிற 60 லிட்டர் டீசல் மட்டும் 50 கிலோ. அந்த 50 கிலோவைச் சுமக்க இன்னும் கொஞ்சம் டீசல். கடன் அடைக்கக் கடன் வாங்கின நம் ஊர் மைனர்களின் கதைதான், ஆனால் இவர்கள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

என்னைக் கெடுத்தது பக்கத்து வீட்டுக் கிழவர். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியில் இரண்டு டேங்க். மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கேனிங் மாட்டுப் பாதை பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நட்சத்திரம் வந்துவிடும். சித்தப்பா, இது உங்களுக்குப் பிடிக்கிற சமாசாரம். வடக்கே ஹால்ஸ் க்ரீக்கிலிருந்து தெற்கே விலூனாவுக்கு 1,850 கி.மீ. பாலைவனம். மாட்டை நடத்தியே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆல்ஃபிரட் கேனிங் என்ற சர்வேயர் 1906-இல் புறப்பட்டு இடம் பார்த்து, 1908-லிருந்து 1910-க்குள் ஐம்பது கிணறு போல வெட்டி முடித்தார். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் தூரம் எவ்வளவு தெரியுமா? மாடு ஒரு நாளில் நடக்கிற தூரம். மாட்டின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர் தங்குமோ அதை வைத்துத்தான் பாலைவனத்தையே அளந்திருக்கிறார்கள். அந்தப் பூமியில் ஏற்கெனவே இருந்த பூர்வகுடிகளைச் சங்கிலியில் கட்டி இழுத்துப்போய்த் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டவைத்தார்கள் என்று அப்போதே விசாரணைக் கமிஷன் நடந்திருக்கிறது. கிழவர் அந்தப் பகுதி வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சீக்கிரம் தாண்டிவிடுவார். மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போன நம் தாத்தாவுக்கு வழியெல்லாம் ஊருணி. அந்த அளவில் புண்ணியம் செய்தவர்.

அந்தப் பாதையில் இன்று மாடு போவதில்லை, இந்தப் பிக்கப்தான் போகிறது. கிழவர் நாலு தரம் போய் வந்தவர். “நீயும் போக வேண்டாமா?” என்றார். நான் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற தூரம், மருங்காபுரியிலிருந்து துவரங்குறிச்சிக்கு டீ குடிக்கப் போகிற தூரம். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். பெரிய டேங்க்கை விற்பவர்கள் தூரம் போகிறவர்களை நம்பிக் கடை வைக்கவில்லை. போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற என்னைப்போன்றவர்களை நம்பித்தான் வைத்திருக்கிறார்கள்.

டேங்க் 140 லிட்டர். பிளாஸ்டிக். போனில் காட்டியதும் அம்மா, “சின்டெக்ஸா?” என்றாள். நான் சிரித்தேன், ஆனால் அம்மா சொன்னது சரி. இரண்டும் ஒரே செய்முறைதான். அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைக் கொட்டி, சூடுபண்ணிக்கொண்டே சுழற்றினால் தூள் உருகிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சேஸிஸுக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் கம்பெனிக்காரன் சும்மா விட்டுவைத்த சந்துபொந்தெல்லாம் நுழைகிற மாதிரி இதற்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள்.

பார்சல் வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. “ஆடியில புதுசா ஒண்ணும் தொடாதே” என்றாள் அம்மா. வண்டி பழசுதான், வயிறு மட்டும்தான் புதுசு என்று வாதாடிப் பார்த்தேன். கடைசியில் அவளே வழி சொன்னாள்: பதினெட்டாம் பெருக்கன்று மாட்டு, தொட்டது பெருகும். ஆக, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெண்கள் காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில், நான் இங்கே குளிரில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தேன். 80 லிட்டர் 140 ஆனது. ஆடிப்பெருக்கின் பலனை லிட்டர் கணக்கில் அளந்து பார்த்தவன் நம் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

வேலைக்கு முன்னால் என் மனைவி டேங்க்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அடுத்து கற்பூரத் தட்டோடு வந்தாள். கிழவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. டீசல் சாதாரணமாகப் பற்றாது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பொல்லாதது; உள்ளே ஆவி நிற்கும். நம் ஊர்ப் பட்டறையில் ஒழுகுகிற டேங்க்கை வெல்டிங் வைக்குமுன் தண்ணீர் ஊற்றி நிரப்புவார்களே, அது சும்மாவா? கற்பூரத்தைத் தெருவாசலில் காட்டிவிட்டு, எலுமிச்சையை மட்டும் சக்கரத்துக்கடியில் வைத்தோம்.

மற்றபடி உங்களுக்குக் கைவந்த வேலைதான். டீசலை முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டு மீதியை வடித்தோம். பேட்டரி ஒயரைக் கழற்றினோம். சக்கரத்துக்கு அண்டை கொடுத்து வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதே என்று நீங்கள் அடித்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கல் தடுப்புத் தகட்டை எடுத்ததும் உள்ளே தங்கியிருந்த செம்மண் ஒரு கூடை என் முகத்தில் விழுந்தது. பிறகு டீசல் போகிற ஹோஸ், திரும்புகிற ஹோஸ், காற்று போகிற ஹோஸ், மீட்டர் ஒயர், ஊற்றுகிற வாயின் க்ளிப். கடைசியாகப் பட்டை போல்ட். அது துரு ஏறி, மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கிழவர் ஆஸ்திரேலியக் கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லிப் பார்த்தார். நான் உங்கள் லேலண்டு லாரியில் கற்றுக்கொண்ட துவரங்குறிச்சிக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். கழன்றுவிட்டது.

பழைய டேங்க்கின் தலையில் இருக்கும் பெரிய வளையத்தைத் திருகி, உறிஞ்சுகிற குழாயும் மீட்டர் ஃப்ளோட்டும் சேர்ந்த செட்டை எடுத்து, புது ஓ-ரிங் போட்டுப் புது டேங்க்கில் வைக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. ஒரு மணல் பொடி உள்ளே போனால், இந்தக் காலத்து இன்ஜெக்டர் உங்கள் லேலண்டு மாதிரி தும்மிவிட்டுப் போகாது, சம்பளத்தையே கேட்கும். எல்லாம் மாட்டியபின் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்கி ஏர் எடுத்தோம். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. இன்சூரன்ஸ்காரனுக்கும் தகவல் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் நாளைக்கு ஒன்று என்றால் அவன் கை விரித்துவிடுவான்.

ஒரே வேடிக்கை மீட்டர் முள். மிதவை பழைய டேங்க்கின் ஆழத்துக்குப் பழகியது. அதனால் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாலும் முள் ‘ஃபுல்’லிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. திடீரென்று ஒரு நாள் நினைவு வந்ததுபோல இறங்க ஆரம்பிக்கிறது. இன்னும் எத்தனை கி.மீ. போகலாம் என்று காட்டுகிற எண்ணும் 80 லிட்டர் கணக்கிலேயே பேசுகிறது. ஆகவே ஓடின கி.மீ.யைப் பார்த்து நான் மனக்கணக்குப் போடுகிறேன்.

முதல்முறை நிரப்பியதைச் சொல்ல வேண்டும். இங்கே “சார், ஜீரோ பார்த்துக்குங்க” என்று சொல்ல ஆள் கிடையாது. நாமே பிடித்து, நாமே பார்த்து, உள்ளே போய் நாமே பணம் கட்ட வேண்டும். அப்பா டிவிஎஸ் ஐம்பதுக்கு ஐம்பது ரூபாய்க்குப் போட்டு, தீர்ந்தால் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து ஓரத்தில் கிடப்பதையும் வரவழைத்து வீடுவந்து சேர்வார். அந்த ரத்தம்தானே எனக்கும்? மீட்டர் இருநூறு டாலரைத் தாண்டி ஓடுகிறபோது கை தானாக விட்டுவிட்டது. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடாதே என்று மனைவி வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். பெருக்கிவிட்டேன்.

இதில் மிச்சம் உண்டா என்று கேட்பீர்கள். நடுக்காட்டுக் கடைகளில் டீசல் லிட்டருக்கு அரை டாலர் கூடுதல் என்று வைத்தால், கூடுதல் 60 லிட்டரை நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு போவதில் ஒரு பயணத்துக்கு 30 டாலர் மிச்சம். டேங்க் விலை 1,500 டாலருக்கு மேல். ஐம்பது முறை பாலைவனம் தாண்டினால் முதல் வந்துவிடும். நானோ தினமும் துவரங்குறிச்சி டீ தூரம் போகிறவன். இவ்வளவு டீசல் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் கோத்து, பூசணம் பிடிக்குமே என்பது இப்போது என் புதுக் கவலை.

விலை விஷயத்தில் இந்த மாநிலத்தை மெச்ச வேண்டும். 2001-லிருந்து ஃபியூவல்வாட்ச் என்று அரசாங்க ஏற்பாடு. நாளைய விலையைப் பங்க்காரர் இன்றே அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணிக்கு மாறினால் 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. நம்மிடமும் 2017 ஜூன் 16-லிருந்து அதே காலை 6 மணிக்குத்தான் விலை மாறுகிறது. இங்கே நாளைக்கு ஏறுகிறதென்று முதல் நாள் மத்தியானமே தெரிந்து, சாயங்காலம் வரிசை கட்டுகிறார்கள். அங்கே ஏறின பிறகு தெரிந்து, டீக்கடையில் திட்டுகிறோம்.

தம்பி தன் பொலீரோ பிக்கப்புக்கும் ஒன்று மாட்ட முடியுமா என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அப்படி இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. சட்டம் கிடக்கட்டும், வெங்காயம் ஏற்றி காந்தி மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு எதற்கு?

பழைய டேங்க் இங்கே ஷெட்டில் கிடக்கிறது. அதை ஊருக்கு அனுப்பினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாமே என்று அம்மா கேட்கிறாள். டீசல் வாடை போகாது, மாடு முகர்ந்துகூடப் பார்க்காது என்று நீங்கள்தான் அவளுக்குப் புரியவைக்க வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்.

பி.கு.: “முள் பொய் சொன்னா என்னடா, குச்சி விட்டுப் பாரு” என்பீர்கள். பார்த்தேன். ஊற்றுகிற வாய் உள்ளே வளைந்து வளைந்து போகிறது, குச்சி இறங்கவில்லை. ட்யூப் விட்டு உறிஞ்சவும் வழியில்லை. உங்கள் பழைய கிளீனர் இந்த ஊருக்கு வேலைக்கு வந்திருந்தால் சம்பளத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டியிருந்திருக்கும்.